ஸ்டேக் கடையின் இரண்டாவது பானை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ஈப்போவிலிருந்து கோலாகங்சார் செல்லும் பழைய சாலையில், எங்கள் பட்டணத்தின் நடுவே இருக்கும் ஸ்டேக் (சுட்ட மாட்டிறைச்சித் துண்டு) கடை இம்மாத இறுதியோடு மூடப்படவிருப்பதைப் பற்றிச் சென்ற ஞாயிறு பதிப்பில் வெளிவந்த கட்டுரையை இருமுறை படித்தேன். ஒரு சிறு பட்டணத்துச் சாப்பாட்டுக் கடைக்காக அரைப் பக்கத்தை ஒதுக்கிய தங்களுக்கு முதலில் என் நன்றி. மூன்று தலைமுறையாக ஒரே குடும்பம் கட்டிக் காத்த கடை அது. அந்தக் குடும்பத்தாரின் உழைப்பைக் கட்டுரையாளர் குறைவின்றிச் சொல்லியிருக்கிறார். ஆனால் தலைப்பிலும் கட்டுரைக்குள் இரண்டு இடங்களிலும் அதைத் 'துரைமார் கடை' என்று எழுதியிருக்கிறார். வெள்ளைக்காரத் தோட்ட நிர்வாகிகளான துரைமாரை நம்பித் தொடங்கிய கடைதான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் துரைமார் கப்பலேறிப் போய் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த அடுப்பு அணையாமல் இருந்ததற்கு யார் காரணம் என்பதை அந்தப் பெயர் மறைத்துவிடுகிறது. அடுப்பு முன்னால் நின்றவர்களிலும் மேசையில் வந்து அமர்ந்தவர்களிலும் பெரும்பாலோர் சுற்றுவட்டாரத் தோட்டங்களைச் சேர்ந்த தமிழர்கள். இது எழுத்தில் பதிவாகாமல் போனால் கடையின் வரலாறு பாதியாகவே நிற்கும் என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன். சற்று நீண்டுவிட்டது; பொறுத்தருள வேண்டும்.

நான் நாடு விடுதலை பெற்ற 1957-ஆம் ஆண்டில், இப்பட்டணத்திலிருந்து நான்கு கல் தொலைவில் இருந்த ஒரு தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) பிறந்தவன். அப்பா பால்மரம் (ரப்பர் மரம்) சீவினார். அம்மா வெளிக்காட்டு வேலைக்குப் போனார். நான் தோட்ட அலுவலகத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்து ஓய்வு பெற்றேன். அப்பாவின் அண்ணன், என் பெரியப்பா, அந்த ஸ்டேக் கடையின் குசினியில் (சமையலறையில்) ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அடுப்பு பார்த்தவர். கடையைப் பற்றி இங்கே எழுதுவதில் ஒரு பகுதி நான் கண்ணால் கண்டது. மற்றது பெரியப்பாவும் இன்றைய தவுக்கேயும் (கடை முதலாளியும்) சொல்லக் கேட்டது.

இத்தகைய கடைகள் நம் நாட்டில் எப்படித் தோன்றின என்பது இளைய வாசகர்கள் பலருக்குத் தெரியாது. ஹைனான் தீவிலிருந்து வந்த சீனர்களை நம்மவர்கள் ஹைலாம் சீனர்கள் என்பார்கள். ஹொக்கியன், கந்தோனியர் முதலானோர் வந்து வணிகத்திலும் ஈயச் சுரங்கங்களிலும் காலூன்றிய பிறகே இவர்கள் பெருமளவில் வந்து சேர்ந்தார்கள். நல்ல தொழில்கள் எல்லாம் மற்றவர் கைக்குப் போய்விட்டிருந்ததால், வெள்ளைக்காரர்களின் வீடுகளிலும் கப்பல்களிலும் விடுதிகளிலும் சமையற்காரர்களாகச் சேர்ந்தார்கள். துரை வீட்டு அம்மா சொல்லிக் கொடுத்த சூப்பையும் ரோஸ்ட்டையும் ஸ்டேக்கையும் தங்கள் கைப்பக்குவத்தில் சமைத்தார்கள். பின்னர் சேமித்த பணத்தில் சொந்தக் கடை வைத்தார்கள். ஈப்போவில் 1906-இல் தொடங்கிய எப்.எம்.எஸ். உணவகம் ஒரு ஹைலாம் குடும்பத்தினுடையது. கோலாலம்பூரில் அந்நாளில் 'பத்து சாலை' எனப்பட்ட தெருவில் 1921-இல் திறந்த கொலீசியம் உணவகத்தின் சூடான இரும்புத் தட்டு ஸ்டேக்கை ஒரு காலத்தில் அறியாத துரைமார் இல்லை. 1928-இல் தொடங்கிய யூட் கீ இன்றும் நடக்கிறது. இவையெல்லாம் நகரத்துக் கடைகள் என்பதால் நூல்களிலும் இதழ்களிலும் இடம் பிடித்துவிட்டன. எங்கள் ஊர்க் கடை போன்று தோட்டப் பட்டணங்களில் ஒவ்வொன்றாய்த் தோன்றி ஒவ்வொன்றாய் மறைந்தவற்றைப் பற்றி எழுதியவர்கள் மிகக் குறைவு.

எங்கள் ஊர்க் கடையின் முதல் தவுக்கே, அருகிலிருந்த பெரிய தோட்டம் ஒன்றின் துரை பங்களாவில் குசினிக்காரராக இருந்தவர். 1930-களின் தொடக்கத்தில் ரப்பர் விலை அடியோடு விழுந்தது. தோட்டங்களில் ஆட்குறைப்பு நடந்தது. பல்லாயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர்கள் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். பங்களாக்களிலும் செலவைச் சுருக்கினார்கள். அப்போது வேலையை இழந்த அந்த மனிதர், துரை கொடுத்துவிட்டுப் போன இரண்டு வாணலிகளையும் ஒரு டஜன் பீங்கான் தட்டுகளையும் வைத்துக்கொண்டு, பட்டணத்தில் ஒரு கடைவீட்டின் கீழ்த்தளத்தை வாடகைக்கு எடுத்தார். நம் பாட்டன்மாரைக் கப்பலேற்றிய அதே விலை வீழ்ச்சிதான் இந்தக் கடையையும் பிறப்பித்தது. கட்டுரையில் இடம்பெறாத இந்த ஒரு செய்தியே கடைக்கும் தோட்டத்துக்கும் இருந்த உறவைச் சொல்லப் போதுமானது என்று நினைக்கிறேன்.

சிங்கப்பூரில் 1903-இல் தொடங்கிய கோல்ட் ஸ்டோரேஜ் நிறுவனம் ஆஸ்திரேலியாவிலிருந்து உறைந்த இறைச்சியைத் தருவித்து விற்றுவந்தது. அந்த இறைச்சி மரத்தூளும் ஐஸும் அடைத்த பெட்டிகளில் ரயிலேறி எங்கள் ஊருக்கும் வந்தது என்று பெரியப்பா சொல்வார். சனிக்கிழமை மாலை துரைமார் வரும்போது அதுதான் தட்டில் ஏறும். மற்ற நாள்களில் உள்ளூர் எருமை இறைச்சியை வெட்டுக்கத்தியின் முதுகால் அடித்து அடித்து இளக்கிச் சமைப்பார்கள்.

பெரியப்பா அந்தக் குசினிக்குள் போன கதை ஜப்பான்காரன் காலத்தில் தொடங்குகிறது. என் தாத்தாவை 1943-இல் சயாம் ரயில் பாதை வேலைக்குப் பிடித்துப் போனார்கள். தாய்லாந்தையும் பர்மாவையும் இணைக்கப் போட்ட அந்தப் பாதையில் மாண்டுபோன மலாயாத் தமிழர்களில் அவரும் ஒருவர். எங்கே புதைத்தார்கள், புதைத்தார்களா என்பதுகூட எங்களுக்குத் தெரியாது. பாட்டி இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு மரவள்ளிக்கிழங்கு நட்டு உயிர் பிழைத்தார். போர் ஓய்ந்து கடை மீண்டும் திறந்தபோது, பதின்மூன்று வயதுப் பையனான பெரியப்பாவை அழைத்துப் போய்த் தவுக்கேயின் முன் நிறுத்தினார். தவுக்கேக்குத் தமிழ் தெரியாது. பாட்டிக்குச் சந்தை மலாய்தான் தெரியும். 'சாப்பாடு போட்டால் போதும், சம்பளம் பிறகு பார்க்கலாம்' என்பது மட்டும் இருவருக்கும் புரிந்தது. தவுக்கே முதல் மாதமே சம்பளம் கொடுத்தார்.

பெரியப்பாவுக்கு முதலில் கிடைத்த வேலை கரி அள்ளுவது. கோலா செபாத்தாங் பக்கத்துச் சூளைகளில் பக்காவ் என்னும் சதுப்புநில மரத்தைப் புகைமூட்டம் போட்டு எடுத்த கரி லாரியில் வந்து இறங்கும். மாத்தாங் சதுப்புநிலக் காட்டில் முப்பது ஆண்டு வளர்ந்த மரங்களை முறைவைத்து வெட்டிக் கரியாக்குவது இன்றும் நடக்கும் தொழில். அந்தக் கரிக்குப் புகை குறைவு, சூடு அதிகம், நின்று எரியும். மூன்று வாய் வைத்துச் செங்கல்லால் கட்டிய அடுப்பில் நடு வாய் இரும்புத் தட்டுகளுக்கே உரியது. தட்டு பதமாகச் சூடேறிவிட்டதா என்பதைப் பெரியப்பா விரல் நுனியால் ஒரு சொட்டுத் தண்ணீரைத் தெளித்துப் பார்ப்பார். தண்ணீர் 'சுர்' என்று அந்த இடத்திலேயே வற்றிப் போனால் தட்டு இன்னும் காயவில்லை. முத்துப்போல் உருண்டு ஓடினால் இறைச்சியை வைக்கலாம். அந்தத் துளி உருள்வதைப் பார்ப்பதற்காகவே நான் பள்ளி விடுமுறையில் குசினி வாசலில் நிற்பேன். ஒரே பார்வையில் நான்கு தட்டில் எது தயார் என்று சொல்லிவிடுவார்.

1948 ஜூன் 16-ஆம் நாள் காலையில் சுங்கை சிப்புட் வட்டாரத்தின் எல்பில் தோட்டத்திலும் பின் சூன் தோட்டத்திலும் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இரண்டு நாளில் நாடு முழுவதும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அது 1960 ஜூலை 31 வரை நீடித்ததை நம் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். துரைமார் துப்பாக்கியோடும் காவலோடும் கடைக்கு வந்து, இருட்டுவதற்குள் திரும்பினார்கள். காட்டிலிருந்த கம்யூனிஸ்டுக் கெரில்லாக்களுக்கு உணவு போகக்கூடாது என்பதற்காக, தகர டின்னில் அடைத்த எதையும் விற்கும்போது கடைக்காரர் ஓட்டை போட்டே கொடுக்க வேண்டும் என்று கட்டளை இருந்தது. ஸ்டேக்குக்குப் பக்கத்தில் வைக்கும் பச்சைப் பட்டாணி டின்னில்தான் வரும். கடையிலிருந்து துரை பங்களாவுக்குப் போகும் பட்டாணி டின்களில்கூடப் பெரியப்பா ஆணி வைத்து அடித்துத்தான் கொடுத்திருக்கிறார். அந்த ஆணியும் சுத்தியலும் பல ஆண்டுகள் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்திலேயே கிடந்தன.

இனி நான் சொல்லப் போவது அந்தக் கடையை நேசிப்பவர்கள் சிலருக்குக் கசப்பாக இருக்கலாம். ஆனால் உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் கடைக்குள் ஒரு பலகைத் தடுப்பு இருந்தது. தடுப்புக்கு முன்னால் மின்விசிறியும் வெள்ளைத் துணி விரித்த மேசைகளும் துரைமாருக்கு. தடுப்புக்குப் பின்னால் குசினியை ஒட்டி இரண்டு நீண்ட பெஞ்சுகள். துரையை ஏற்றி வந்த டிரைவர், தபால் பை எடுத்து வந்த பியூன், கோணி மூட்டை இறக்க வந்தவர் ஆகியோர் அங்கே உட்காரலாம். அவர்களுக்குக் காப்பியும் ரொட்டியும் கிடைக்கும். ஸ்டேக் ஒரு தட்டு வாங்கக் கையில் காசு இருந்தாலும் முன்னால் போய் உட்கார முடியாது. இதைத் தவுக்கே மட்டும் செய்த பாவமாக நான் சொல்லவில்லை. காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் தொடங்கி மருத்துவமனை வரைக்கும் தோட்ட உலகமே அப்படித்தான் இருந்தது. ஆனால் கடையின் பொற்காலம் என்று கட்டுரை புகழும் ஆண்டுகளில் அந்தத் தடுப்பும் இருந்தது.

அந்தப் பின் பெஞ்சில்தான் கடையின் அடுத்த அத்தியாயம் தொடங்கியது. ஸ்டேக்குக்கு ஊற்றும் சாஸை ஹைலாம் சமையற்காரர்கள் பொறுமையாகச் செய்வார்கள். கோதுமை மாவை எண்ணெய் இல்லாமல் செம்மண் நிறம் வரும்வரை வறுத்து, வெங்காயத்தைத் தனியே கருக விடாமல் சிவக்க வதக்கி, காலையிலிருந்து கொதிக்கும் எலும்புச் சாற்றை விட்டுக் கரைத்து, சோயாவும் லீ அண்ட் பெரின்ஸ் என்ற புட்டிச் சாஸும் சேர்த்து இறக்குவார்கள். அந்த லீ அண்ட் பெரின்ஸ் இங்கிலாந்திலிருந்து வந்தாலும் அதில் புளி சேர்ந்திருக்கிறது. நம் நாக்குக்கு அந்த மணம் பிடித்துப்போனதில் வியப்பில்லை. பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ள அந்தச் சாஸைக் கேட்டார்கள். ஆனால் அது மாட்டெலும்புச் சாறு. கேட்டவர்களில் பெரும்பாலோர் மாட்டிறைச்சி தொடாதவர்கள். சாஸ் எதில் செய்தது என்று தெரியாமல்தான் கேட்டார்கள்.

அப்போது பெரியப்பாவுக்கு இருபது வயதுகூட நிரம்பியிருக்கவில்லை. அவர்களுக்குத் தெரியாதுதானே என்று அவரும் பேசாமல் இருந்திருக்கலாம். அவர் தவுக்கேயிடம் போய், இவர்களுக்குக் கோழி எலும்பில் தனியாக ஒரு பானை வைக்க வேண்டும், இல்லாவிட்டால் நான் அவர்களுக்குச் சாஸ் ஊற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டார். தவுக்கே கோபப்பட்டு இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் சந்தையிலிருந்து ஒரு புதிய அலுமினியப் பானையை வாங்கி வந்து அடுப்பின் இடப்பக்க வாயில் வைத்தார். கரண்டி மாறிவிடக் கூடாது என்பதற்காகப் பெரியப்பா அதன் காம்பில் சிவப்பு நூல் சுற்றினார். அந்த நூலை அவர் ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் புதிதாகச் சுற்றுவார். அவருக்குப் பிறகு வந்தவர்களும் அப்படியே செய்தார்கள். சென்ற வாரம் கடைக்குப் போயிருந்தபோது அந்தக் கரண்டியைக் கையில் எடுத்துப் பார்த்தேன். நூல் சாஸ் ஊறிக் கறுத்திருந்தது. காம்பில் கட்டைவிரல் படும் இடம் தேய்ந்து பள்ளமாகியிருந்தது.

அந்த இரண்டாவது பானையிலிருந்து வந்ததுதான் இன்று எல்லோரும் தேடிவரும் உணவு. கோழி எலும்புச் சாஸ் இருந்ததால் சிக்கன் சாப்பைத் தமிழர்கள் அச்சமின்றிச் சாப்பிட்டார்கள். எலும்பெடுத்த கோழித் தொடையைத் தட்டி, முட்டையில் தோய்த்து, பொடித்த கிரீம் கிரேக்கர் பிஸ்கட்டில் புரட்டிப் பொரித்து, உருளைக்கிழங்கும் பட்டாணியும் வைத்து, மேலே சாஸை ஊற்றித் தருவது எல்லா ஹைலாம் கடையிலும் உள்ளதுதான். எங்கள் கடையில் அந்தச் சாஸில் இடித்த மிளகு தூக்கலாக இருக்கும். பிறகு இரண்டாம் தவுக்கே காலத்தில் ஆட்டிறைச்சிச் சாப் வந்தது. அதற்குக் கறிவேப்பிலையைப் பொரித்துப் போட்டவர் பெரியப்பா. மாட்டு ஸ்டேக்குக்கு மாட்டு வடிவில் வார்த்த இரும்புத் தட்டு, கோழிக்கும் ஆட்டுக்கும் வட்டத் தட்டு என்று பிரித்து வைத்தார்கள். கழுவும் தொட்டியும் வேறு. சட்டம் சொல்லியோ வாடிக்கையாளர் போராடியோ வந்த ஏற்பாடு அல்ல இது. பக்கத்தில் நிற்பவனின் நம்பிக்கையை மதித்து இரண்டு பேர் செய்துகொண்டது. பத்துத் தட்டு வெளியே போனால் ஏழு வட்டத் தட்டு என்று பெரியப்பா கணக்குச் சொல்வார். அவர் தம் வாழ்நாளில் மாட்டிறைச்சியை நாவில் வைத்ததில்லை. ஆனால் தட்டில் எழும் சத்தத்தையும் மணத்தையும் வைத்தே ஸ்டேக் எந்தப் பதத்தில் இருக்கிறது என்று சொல்லிவிடுவார். அவர் அனுப்பிய தட்டைத் திருப்பி அனுப்பிய துரை ஒருவர்கூட இல்லை என்று இன்றைய தவுக்கே இன்னமும் பெருமையாகச் சொல்கிறார்.

நாடு விடுதலை பெற்ற சில ஆண்டுகளில் இரண்டாம் தவுக்கே அந்தப் பலகைத் தடுப்பைக் கழற்றினார். நான் அப்போது சிறு குழந்தை. ஆனால் தடுப்பு நின்ற இடத்தில் தரை ஓட்டின் நிறம் மாறிக் கோடுபோல் ஓடுவதை இன்றும் காணலாம். 1969-ஆம் ஆண்டு இறுதியில் நான் ஆறாம் வகுப்புத் தேர்வில் தேறியபோது, சம்பள நாளன்று அப்பா என்னை அழைத்துப் போய் அந்தக் கோட்டுக்கு முன்பக்கத்து மேசையில் உட்கார வைத்தார். அவருடைய ஒரு நாள் கூலியில் பெரும்பங்கு அந்த ஒரு தட்டுக்குப் போயிருக்கும். தமக்குக் காப்பி மட்டும் சொன்னார். முள்கரண்டியை எந்தக் கையில் பிடிப்பது என்று தெரியாமல் நான் விழித்தபோது, பெரியப்பா குசினியிலிருந்து எட்டிப் பார்த்து, 'கையால சாப்பிடுடா, யார் கேக்கப் போறா' என்றார். கையால்தான் சாப்பிட்டேன். பக்கத்து மேசையில் இருந்த தோட்டத்து டிரெசர் (மருத்துவ உதவியாளர்) ஐயாவும் அன்று முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

அதே 1969-இல்தான் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதிச் சீட்டுக் கட்டாயமானது. பிறந்ததிலிருந்து தோட்டத்தைத் தவிர வேறு எதையும் அறியாதவர்கள், பதிவுப் பத்திரம் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக வேலை இழந்து கப்பலேறினார்கள். கடையில் மாதக் கணக்கு வைத்திருந்தவர்கள் அவர்களில் பலர். நம் மூத்தவர்களுக்கு '555' குறிப்புப் புத்தகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. உள்ளங்கை அளவுள்ள அந்தச் சிறு புத்தகத்தில் ஒவ்வொரு குடும்பத்தின் பெயரும் தோட்டப் பிரிவின் எண்ணும் பாக்கித் தொகையும் இருக்கும். ரஜூலா கப்பலில் நாகப்பட்டினம் போன ஒருவர், ஓராண்டு கழித்து, அதே கப்பலில் திரும்பி வந்த உறவினர் கையில் ஏழு வெள்ளியும் (மலேசிய டாலரும்) ஒரு துண்டுக் கடிதமும் கொடுத்தனுப்பியிருக்கிறார். 'பாக்கியை அடைத்துக்கொள்ளவும். பையன் சாப்பிட்ட சிக்கன் சாப்பும் இதில் சேரும்' என்று அதில் எழுதியிருந்தது. அந்தத் துண்டுக் காகிதத்தைத் தவுக்கே குடும்பத்தார் அவருடைய கணக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறார்கள். நான் பார்த்தேன். தமிழ் தெரியாத அவர்களுக்கு அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பெரியப்பா அப்போதே படித்துச் சொல்லியிருக்கிறார்.

பிந்தைய ஆண்டுகளைக் கட்டுரையாளர் நன்றாகவே எழுதியிருப்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். 1981 செப்டம்பர் 7-ஆம் நாள் லண்டன் பங்குச் சந்தையில் ஆங்கிலேயத் தோட்ட நிறுவனமான கத்ரியின் பங்குகள் மலேசியர் கைக்கு வந்ததோடு துரைமார் காலம் முடிந்தது என்று சொல்லலாம். அதற்கு முன்பே எங்கள் பக்கத்தில் அவர்கள் அருகிவிட்டார்கள். பால்மரங்கள் விழுந்து செம்பனை (எண்ணெய்ப்பனை) எழுந்தது. லயங்கள் காலியாகி மக்கள் பட்டணத்து வீடமைப்புப் பகுதிகளுக்கு வந்தார்கள். வடக்கு தெற்கு விரைவுச் சாலை 1994-இல் முழுமையாகத் திறந்தபின், மெனோரா சுரங்கப்பாதை வழியே போகிறவர்கள் எங்கள் பட்டணத்தை எட்டிப் பார்ப்பதில்லை. 1948-க்கு முன் கட்டிய கடைவீடுகளுக்குப் பாதுகாப்பாக இருந்த 1966-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1997-இல் நீக்கப்பட்டு, இடைக்காலச் சலுகையும் 1999 இறுதியில் முடிந்தது. அப்போது பழைய பட்டணங்களில் எத்தனையோ கடைகள் ஒரே ஆண்டில் கதவடைத்தன. எங்கள் கடை பல மடங்கு உயர்ந்த வாடகையைக் கொடுத்துக்கொண்டு கால் நூற்றாண்டு தாக்குப்பிடித்தது. தீபாவளிக்கு முன்தினமும் சம்பள வாரத்திலும் வட்டத் தட்டுகள் ஓயாமல் போனதால்தான் அது முடிந்தது என்று இன்றைய தவுக்கே என்னிடம் சொன்னார். தோட்டத்தைவிட்டுப் போன பிள்ளைகள் பினாங்கிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் ஊருக்கு வரும்போதெல்லாம் தங்கள் பிள்ளைகளை அங்கே அழைத்துப் போனார்கள். இப்போது மூடுவது எவருடைய குற்றமும் இல்லை. தவுக்கேக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. பிள்ளைகள் வேறு தொழிலில் நன்றாக இருக்கிறார்கள். அவர்களைக் கடையில் கட்டிப்போட வேண்டும் என்று கேட்க எவருக்கும் உரிமையில்லை. எனக்கும் அந்த எண்ணமில்லை.

எனக்கு வருத்தமெல்லாம் பெயர்ப் பலகை ஒன்றைப் பற்றியது. பட்டணத்தின் பழைய கட்டடங்களுக்கு முன்னால் வரலாற்றுக் குறிப்புப் பலகைகள் வைக்க ஓர் அலுவலகம் ஏற்பாடு செய்துவருகிறது. ஸ்டேக் கடைக்கென்று எழுதிய குறிப்பின் நகலைத் தவுக்கே எனக்குக் காட்டினார். ஹைலாம் குடும்பம், ஆங்கிலேயத் தோட்ட நிர்வாகிகள், அவசரகாலம் என மூன்றும் அதில் இருக்கின்றன. தமிழர்கள், இந்தியர்கள், தோட்டத் தொழிலாளர்கள் என்ற சொற்களில் ஒன்றுகூட இல்லை. தவுக்கே தாமே போய் இதைத் திருத்தச் சொல்லிக் கேட்டிருக்கிறார். இடம் போதாது என்று பதில் வந்ததாம். சில நாளில் தங்கள் நாளிதழிலும் 'துரைமார் கடை' என்ற தலைப்பைக் கண்டேன். நாமே நம் ஏட்டில் அப்படி எழுதினால், இடம் போதாது என்று சொன்னவர்களை நாம் எப்படிக் குறை சொல்வது?

ஆகவே, ஐயா, தங்களிடம் இரண்டு வேண்டுகோள். முதலாவது, கடை மூடுவதற்குள் கட்டுரையாளரை இன்னொரு முறை அனுப்பி, அடுப்பையும் அந்தக் கரண்டியையும் தரையில் ஓடும் கோட்டையும் 555 புத்தகங்களையும் படமெடுத்து வெளியிட வேண்டும். படத்தோடு ஒரு செய்தி தமிழிலும் மலாயிலும் வந்தால், 2005-ஆம் ஆண்டுத் தேசிய மரபுடைமைச் சட்டத்தின்கீழ் கடையைப் பற்றி மனு எழுத முன்வந்திருக்கும் எங்கள் ஊர் ஓய்வுபெற்ற ஆசிரியர்களுக்கு அது சான்றாகும். இரண்டாவது, அந்தக் குசினியில் வேலை செய்தவர்கள், அவர்களின் பிள்ளைகள், அங்கே சாப்பிட்டவர்கள் தங்கள் நினைவுகளை எழுதி அனுப்ப வாசகர் பகுதியில் இடம் ஒதுக்க வேண்டும். எனக்குத் தெரிந்து பெரியப்பாவோடும் அவருக்குப் பிறகும் பதினொரு தமிழர்கள் அந்த அடுப்பு முன் நின்றிருக்கிறார்கள். அவர்களில் நான்கு பேரின் குடும்பங்கள் இப்போது எங்கே இருக்கின்றன என்று எங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை.

555 புத்தகங்கள் மொத்தம் நாற்பத்து மூன்று இருக்கின்றன. குடும்பத்தார் அவற்றை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு, யாராவது தங்கள் தாத்தா பெயரைத் தேடி வந்தால் அந்தப் புத்தகத்தை அவர்களிடமே கொடுத்துவிடுவதாகச் சொல்கிறார்கள். மாத இறுதிவரை நாள்தோறும் காலை பத்து மணி முதல் கடை திறந்திருக்கும், திங்கட்கிழமை விடுமுறை. பாக்கி எதையும் வாங்குவதில்லை என்று தவுக்கே உறுதியாகச் சொல்லச் சொன்னார்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி,
சுங்கை சிப்புட் வட்டாரம், பேராக்